கூட்டம் எழுந்துபோன பிறகும் நின்ற லோகநாயகி

செய்தி டெலிபோனில் வந்தது. அதுவும், லோகநாயகி அம்மாள் தம் உத்தியோக காலம் முழுவதும் உட்கார்ந்திருந்த எங்கள் தொழிற்சாலை எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் வந்தது. அவர் ஓய்வு பெற்றபின் அந்த நாற்காலிக்கு வந்த பெண், இணைப்பைக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் தயங்கி, "கணபதி சார், உட்கார்ந்து பேசுங்க" என்றாள். நான் டிராயிங் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், உட்காரவில்லை. மறுமுனையில் லோகநாயகியின் ஒரே மகள் கீதா. இந்தத் தெலுங்கு ஊரிலேயே படித்து வளர்ந்தவள். நாம் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இந்தியிலோ பதில் சொல்லித்தான் பழக்கம். அன்று மட்டும் தமிழில் சொன்னாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க."

தமிழ்ச் சங்கத்து நண்பர்களே, உங்களில் பாதிப் பேருக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். சனத்நகர்ப் பக்கம் எங்கள் அரசாங்கத் தொழிற்சாலையில் அவர் டெலிபோன் ஆபரேட்டர், நான் டிராஃப்ட்ஸ்மேன். அவர் கணவர் நடேசன் ரயிலில் கார்டு. ஜோலார்பேட்டைப் பக்கத்துக் குடும்பம், குடியிருந்தது லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில். பகலெல்லாம் எங்கள் தொழிற்சாலையின் காதும் வாயுமாக இருந்துவிட்டு, சாயங்காலம் ஷிப்ட் பஸ்ஸில் இறங்கி நேராகச் சங்கத்து நாடக ஒத்திகைக்கு வருவார். மேடையில் ஏற அல்ல. படுதா ஓரமாக நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்க.

அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. நடிகன் காதில் விழும், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழாது. எக்ஸ்சேஞ்சில் பழகிய குரல். நாடகங்களை எழுதுவது நான். எழுதிய வசனத்தை மேடையேறியதும் மறப்பதும் நான். "எப்படித்தான் சார் நீங்களே எழுதினதை நீங்களே மறக்கறீங்க? பெத்த பிள்ளை பேரை மறக்கிற மாதிரி இருக்கு" என்பார். மறக்காமல் ஒவ்வொரு வருஷமும் என்னைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தவர் அவர்தான்.

ஓர் இடத்தில் நின்றால் அதை விட்டு நகராத பிடிவாதம் அவரிடம் எப்போதும் உண்டு. வெல்டர் ஒருவரின் மனைவி மதுரையில் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். டிரங்க் கால் பதிந்து காத்திருந்தார் மனிதர். லைன் கிடைப்பதாக இல்லை. ஷிப்ட் முடிந்து எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள். லோகநாயகி காதுக் கருவியைக் கழற்றவில்லை. அடுத்த ஷிப்ட் ஆபரேட்டர் வந்து நின்றபோது, "நீ வேற போர்டைப் பாரும்மா. இந்த லைன் என்னோடது" என்றாராம். ஆண் குழந்தை என்று மதுரையிலிருந்து தகவல் கிடைத்த பிறகுதான் எழுந்தார். கடைசியில் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனதாகவும், நடேசன் சோறு வடித்து வைத்திருந்ததாகவும் பிறகு சொன்னார்.

இப்போது அந்த நாடகத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

'வாடகைத் தோட்டா' என்று பெயர். கூலிக்குக் கொலை செய்கிற ஒருவன், கை நடுங்கத் தொடங்கும் வயதில் ஒரு சிஷ்யனைச் சேர்த்துக்கொள்கிறான். சிஷ்யனுக்குத் தொழில் படிகிறது. படிந்ததும் அவனுக்கு முதல் வேலை வருகிறது. தீர்க்க வேண்டிய ஆள் அந்தக் குருவேதான். கடைசிக் காட்சியில் சிஷ்யன் சுடுகிறான். பிறகு துப்பாக்கியைப் பிணத்தின் மார்பில் வைத்து, "உங்க தொழிலுக்கு வாரிசு கிடையாது, பெரியவரே. இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்கிறான். படுதா இறங்குகிறது. அந்த ஒரு வசனத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். அதைச் சொல்லாவிட்டால் மிச்சமிருப்பது வெறும் டுமீல் டுமீல்தான்.

கொலைகாரன் வேஷம் எனக்கு. சிரிக்காதீர்கள். கரப்பான்பூச்சியைக் கண்டால் ஸ்டூல் மேல் ஏறுகிறவன்தான் நான், ஆனால் மீசை ஒட்டினால் பார்க்கிற மாதிரி இருப்பேன். சிஷ்யன் மாணிக்கமாக நடிக்க வேண்டிய பையனுக்கு, நாடகத்துக்கு முந்தின வாரம் டைபாய்டு. தலைவர் சுந்தரம் சார் ஒத்திகை நடந்த கூடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "நாடகம் கேன்சல். கச்சேரி வச்சுக்கலாம்" என்றார். அப்போது படுதா ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"மாணிக்கம் வசனம் எனக்குத் தெரியும் சார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். எங்கள் சங்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெண் வேஷம் என்றால் மெட்ராஸிலிருந்து நடிகையை ரயிலில் வரவழைப்போம். நம் வீட்டுப் பெண்கள் கடவுள் வாழ்த்துப் பாடலாம், வாசலில் சந்தனம் கொடுக்கலாம், நடிகைக்கு ஜடை பின்னி விடலாம். மேடையில் நடிக்கக் கூடாது. எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் மீறியவரும் இல்லை.

"கல்யாணமான பொம்பளை, கொலைகாரன் வேஷமா?" என்றார் சுந்தரம் சார்.

"கொலைகாரன் கணபதி சாருங்க. நான் சிஷ்யன்தானே?"

"குடும்பத்துப் பெண்ணை மேடையேத்தி ஏதாவது ரசாபாசமாப் போச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

சுந்தரம் சார் கெட்டவர் இல்லை, பயந்தவர். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். இந்த ஒரு தடவை மட்டும். நாடகத்தில் ஏதாவது குளறுபடி நடந்தால், இனி நம் வீட்டுப் பெண்கள் மேடையேறுவது பற்றிச் சங்கத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்று தலையாட்டினார் லோகநாயகி. வெளியே வந்ததும் என்னிடம், "நல்லா நடந்தா மறந்துடுவாங்க சார். ஒரு தப்பு நடந்தா, கீதாவுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. தப்பு நடக்கக் கூடாது" என்றார். கீதா அப்போது பள்ளிக்கூடச் சிறுமி.

பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றி வசனத்தைத் திருத்தித் தருகிறேன் என்றேன். "ஒரு எழுத்தை மாத்தாதீங்க. மாணிக்கம்ங்கிற பேர்ல எங்க ஊர்ல ரெண்டு அத்தைங்க இருக்காங்க" என்று முடித்துவிட்டார். நடேசனின் வெள்ளை கார்டு பேண்ட் கறுப்புச் சாயம் தோய்த்து அவருக்குத் தைக்கப்பட்டது. துப்பாக்கி பிடித்த கை நடுங்கக் கூடாதென்று, எக்ஸ்சேஞ்சில் அழைப்பு இல்லாத நேரங்களில் தண்ணீர்க் கூஜாவை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எட்டிப் பார்த்த பர்சனல் ஆபீசர் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாராம்.

நாடகம் நடந்த மண்டபம் உங்களுக்குத் தெரியும், லாலாகூடாவில் தண்டவாளத்தை ஒட்டியது. ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைய ரயில்காரர்கள்: டிரைவர்கள், கார்டுகள், பாதை பார்க்கும் கேங்மேன்கள், அவர்கள் குடும்பங்கள். மேடையில் அவர் வந்ததும் பெண்கள் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. இரண்டு காட்சிக்குள் அது அடங்கியது. எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் நான் திணறிய இடங்களில், நடித்துக்கொண்டே, உதடு அசையாமல் எனக்கும் வசனம் சொன்னார். கொலைகாரனுக்குச் சிஷ்யன் சொல்லிக் கொடுத்த நாடகம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

துப்பாக்கி மரத்தால் செய்து கறுப்பு அடித்தது. சுடும் சத்தத்தை மேடைக்குப் பின்னாலிருந்து யாராவது கொடுக்க வேண்டும். வழக்கமாகத் தீபாவளிப் பட்டாசு ஒன்றைக் கொளுத்துவோம். அந்த முறை அந்தப் பொறுப்பை நடேசன் கேட்டு வாங்கிக்கொண்டார். "என் பெண்டாட்டி சுடற சத்தம் கடைசி வரிசைக்குக் கேக்கணும்" என்றார். நாங்கள் லட்சுமி வெடி வாங்குவார் என்று நினைத்தோம்.

அவர் கொண்டுவந்தது டெட்டனேட்டர். ரயில்காரர் அல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: கார்டின் பெட்டியில் இருக்கும் தட்டையான தகர வில்லை அது. பனி மூட்டத்திலோ பாதையில் ஆபத்து என்றாலோ அதைத் தண்டவாளத்தில் வைப்பார்கள். சக்கரம் ஏறினால் வெடிக்கும். டிரைவர் சிக்னலைப் பார்க்க முடியாவிட்டாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டு எச்சரிக்கையாகிவிடுவார். காலாவதியான ஒன்றை எப்படியோ எடுத்துவந்து, மண்டபத்தின் பின்புறம் கிடந்த தண்டவாளத் துண்டின் மேல் வைத்து, மதில் மேல் ஏறி நின்று, கயிற்றில் கட்டிய இரும்பு எடையோடு காத்திருந்தார் மனிதர். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

கடைசிக் காட்சி. லோகநாயகி துப்பாக்கியை நீட்டினார். கை இம்மியும் ஆடவில்லை. விரலை அசைத்தார்.

நண்பர்களே, அந்தச் சத்தத்தில் நான் நடிக்காமலே விழுந்தேன். கூரையிலிருந்து புறாக்கள் கலைந்து பறந்தன, சுண்ணாம்பு உதிர்ந்தது. பிறகு முதல் வரிசையில் இருந்த டிரைவர் ஆரோக்கியசாமி துள்ளி எழுந்தார். "டெட்டனேட்டர்! லைன்ல ஏதோ!" என்று கத்தினார்.

கோடையில் பனி ஏது? பனி இல்லாமல் அந்தச் சத்தம் கேட்டால் பாதையில் ஆபத்து என்று ஒரே அர்த்தம்தான். ரயிலில் வேலை செய்கிற உடம்பு அதற்கு யோசித்துக்கொண்டு நிற்காது. டிரைவர்கள் ஓடினார்கள், கார்டுகள் ஓடினார்கள், கேங்மேன்கள் கைவிளக்கு எங்கே என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அந்த நேரத்துக்கு வர வேண்டிய பாசஞ்சர் வண்டி ஒன்று இருந்தது. அதில் புருஷன் டியூட்டியில் இருந்த ஓர் அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதபடியே ஓடினார். அவருக்குப் பின்னால் மற்றப் பெண்களும் ஓடினார்கள். நாற்காலிகள் கவிழ்ந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபம் காலியாகிவிட்டது.

நான் செத்துக் கிடந்தேன். அரைக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழுந்து ஓடலாமா என்று முழங்கையை ஊன்றினேன். மேலேயிருந்து அந்த எக்ஸ்சேஞ்ச் குரல், எனக்கு மட்டும் கேட்கும்படி வந்தது.

"எழுந்திருக்காதீங்க சார். நீங்க செத்துட்டீங்க."

படுத்துவிட்டேன். சுந்தரம் சார் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்து, "படுதா! படுதாவை இறக்குப்பா!" என்று கத்தினார். படுதாக் கயிறு காஜா பாய் கையில் இருந்தது. உருது பேசும் பழைய நகரத்துக்காரர், எங்கள் நாடகங்களுக்கு விளக்கும் படுதாவும் பல வருஷங்களாக அவர் பொறுப்பு. அவர் கயிற்றில் கை வைத்தார். லோகநாயகி தலையைத் திருப்பவில்லை. நீட்டிய கையை இறக்கவும் இல்லை.

"காஜா பாய், நக்கோ."

வேண்டாம் என்ற அந்த ஒரே வார்த்தைக்குக் காஜா பாய் கயிற்றை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "ஹவ் மேடம்" என்று ஆமோதித்தார். சுந்தரம் சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கூட்டமே இல்லையேம்மா, யாருக்காக நிக்கறே?" என்றார், கிட்டத்தட்ட அழுகிற குரலில். லோகநாயகிக்கு அந்த இடத்தில் வசனம் இல்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். என் மூக்கின் மேல் ஒரு கொசு உட்கார்ந்து, குடித்து, எழுந்து போயிற்று, நான் அசையவில்லை. கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தேன். காலி நாற்காலிகளுக்கு முன்னால், கறுப்புப் பேண்டும் இறுக்கி முடிந்த கொண்டையுமாக, செத்த குருவின் மேல் துப்பாக்கியை நீட்டியபடி அவர் நின்றுகொண்டிருந்தார். தோள் துடித்தது தெரிந்தது. கன்னத்தில் வியர்வை வழிந்து சொட்டியது. துடைக்கவில்லை. பயமாக இருந்தது எனக்கு. நாடகம் என்று தெரிந்தும் பயமாக இருந்தது.

வெளியே பாசஞ்சர் வண்டி வந்தது, விசில் ஊதியது, ஒன்றும் நடக்காமல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் திட்டும் கேட்டன. சட்டையெல்லாம் கரியாக இருந்த நடேசனைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டம் வாசலுக்கு வந்தது. முதலில் நுழைந்தவர் ஆரோக்கியசாமி. மேடையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோயிற்று. பின்னால் வந்தவர்களைக் கையமர்த்தினார். ஒவ்வொருவராக உள்ளே வந்து, கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி, சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். குழந்தையோடு ஓடிய அந்த அம்மாளும் வந்து உட்கார்ந்தார். அவர் புருஷன் வண்டி பத்திரமாகப் போய்விட்டது.

கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு லோகநாயகி கையை இறக்கினார். என்னருகே வந்து மண்டியிட்டார். துப்பாக்கியை என் மார்பில் வைத்தார்.

"உங்க தொழிலுக்கு வாரிசு கிடையாது, பெரியவரே. இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

நான் எழுதிய வசனம்தான். எழுதியபோது அதில் இவ்வளவு இருந்ததென்று எனக்குத் தெரியாது. காஜா பாய் யாரும் சொல்லாமலே படுதாவை இறக்கினார். கைதட்டல் படுதாவைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. அந்த இருட்டில், செத்தவன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததை அவர் மட்டும் பார்த்தார்.

மறுநாள் ரயில்வே அதிகாரி நடேசனைக் கூப்பிட்டனுப்பினார். கூடவே லோகநாயகியும் போய்விட்டார். வெடி எப்படி வெளியே வந்தது, வெடிக்க வைத்தது யார் என்று அதிகாரி கேட்க, நடேசன் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, "துப்பாக்கி என் கையிலதான் இருந்தது சார். நான்தான் சுட்டேன். லாலாகூடாவே பார்த்தது" என்றாராம். அதிகாரி தெலுங்குக்காரர், நாடகப் பைத்தியம். சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று நடேசன் சொல்வார். காலாவதியானது என்பதாலும், யாருக்கும் காயமில்லை என்பதாலும் கடுமையான எச்சரிக்கையோடு விட்டார்கள். வீட்டில் கிடைத்த எச்சரிக்கை அதைவிடக் கடுமை என்றும் நடேசன் சொல்வதுண்டு.

சங்கக் கமிட்டியில் சுந்தரம் சார் தம் நிபந்தனையை எடுத்தார். குளறுபடி நடந்ததா இல்லையா, கூட்டமே எழுந்து போயிற்றே என்றார். லோகநாயகி எழுந்து நின்று சொன்னதை நான் அன்றிலிருந்து மறக்கவில்லை. மறதிக்காரனான நானே மறக்கவில்லை. "கூட்டம் எழுந்து போச்சு சார். நாடகம் எழுந்து போகலையே." சுந்தரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார். அடுத்த ஆண்டு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து நடிகை வரவில்லை. தேவைப்படவில்லை. பெண்கள் வரிசையில் அன்று சலசலத்தவர்களே பெயர் கொடுத்தார்கள்.

போன மாதம் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. "இந்த வருஷம் என்ன நாடகம்?" என்று கேட்டார். நாடகமே வேண்டாமென்று கமிட்டி பேசிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை, மண்டபத்துக்கு யாரும் வருவதில்லை என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டார். "போனவங்க திரும்பி வந்து பார்க்கறப்ப மேடையில ஆள் இருக்கணும் சார். அது போதும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்கதான் செத்துக் கிடக்கணும். வேற யாருக்கும் அது வராது" என்று சிரித்தார்.

லாலாகூடா வீட்டின் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். உட்காருங்கள் என்று பலர் நாற்காலி போட்டார்கள். நான் கால்மாட்டில் நின்றுகொண்டே இருந்தேன். இமை எங்கேயாவது துடிக்கிறதா என்று பார்த்தேன், வெட்கமில்லாமல் பார்த்தேன். எழுந்திருங்கள் லோகாம்மா என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. இதிலும் என்னை மிஞ்சிவிட்டார்.

வாசலில் நடேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கீதா வந்தாள். அழுது சிவந்த கண்ணோடு, "அங்கிள், மாணிக்கம் வசனம் எனக்குத் தெலுங்கு எழுத்துல எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டாள். நடேசன் நிமிர்ந்து பார்த்தார். "சத்தத்துக்கு இந்தத் தடவை மேளம் போதும்" என்றார், பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக.

ஆகவே கமிட்டி நண்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆண்டு விழாவில் 'வாடகைத் தோட்டா' நடக்கும். தீர்மானம் போட்டாலும் நடக்கும், போடாவிட்டாலும் நடக்கும். வருகிறவர்கள் வரலாம். டிவியில் படம் முடிந்த பிறகு வந்தாலும் சரி, நாற்காலி இருக்கும். லோகநாயகியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஆட்கள் போய்விட்டார்கள் என்பதற்காக மேடையை விட்டு இறங்கக் கூடாது. மண்டபம் காலியாகவே இருந்தாலும் கீதா துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பாள். நான் அவள் காலடியில் செத்துக் கிடப்பேன். எழுந்திருக்க மாட்டேன். எழுந்திருக்கக் கூடாதென்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.